பிரமிளாவுக்குக் கெட்டவர்கள் மேல் ஒரு பிரியம்

திருப்பதிக்குப் பக்கத்தில் புத்தூரில் எலும்புக் கட்டுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு அறை விடுகிறவர்கள் பலர் உண்டு. பிரமிளாவும் அதில் ஒருத்தி. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக மூன்று அறைகள், பொதுவாக ஒரு குழாய், துணி காயப்போட ஒரு கம்பி. கை உடைந்தவர், கால் உடைந்தவர், மாடியிலிருந்து விழுந்தவர், மாடு முட்டியவர் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய் வாசனையோடு சில நாள் கிடந்து, அடுத்த கட்டு போட்டதும் போய்விடுவார்கள்.

அவள் பிறந்தது நகரியில், தறிச் சத்தத்துக்கு நடுவே. டிகிரி முதல் வருஷத்தோடு படிப்பு நின்று கல்யாணம் ஆனது. கணவன் சுரேஷ்பாபு ரேணிகுண்டாவில் ஒரு லாரி பட்டறையில் மெக்கானிக். காலையில் பைக்கில் போனால் இருட்டுகிற நேரத்துக்கு வருவான். பிள்ளைகள் இல்லை. அந்த நீளமான பகல்களை பிரமிளா கதை படித்துத்தான் கழித்தாள்.

எல்லாக் கதையும் அல்ல. அவளுக்கு வேண்டியது ஒரே வகை. சிரித்துக்கொண்டே விஷம் வைக்கிற மனைவி, பொய்யை மெய்போலச் சொல்கிற டாக்டர், அக்காவின் வாழ்க்கையைத் திருடுகிற தங்கை. முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் பாக்கெட் நாவல் வாங்குவாள். இப்போது ஃபோனிலேயே வந்துவிடுகிறது, குழம்பு கொதிக்கும்போதும் படிக்கலாம்.

"நல்லவங்க கதையே படிக்க மாட்டியா நீ?" என்று சுரேஷ்பாபு ஒருநாள் கேட்டான்.

"நல்லவங்க இன்னா செய்வாங்கன்னு எனக்கே தெரியும். அதுக்கு எதுக்கு கதை?"

"அதுக்குன்னு துன்னும்போது கூடவா கொலை?"

அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் படித்தாள். ஏன் இந்தக் கதைகள் பிடிக்கின்றன என்று அவளால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. அந்தக் கெட்டவர்கள் மனசுக்குள் பேசிக்கொள்வதைப் படிக்கும்போது ஒரு நிம்மதி வரும். மாமியார் செத்த அன்று, அழுகிற கூட்டத்துக்கு நடுவே, 'இனிமேல் சமையலறை என்னுடையது' என்று அவளுக்குத் தோன்றியது. அதை வெளியே சொல்ல முடியுமா? அந்தக் கதைகளில் வருகிறவர்கள் சொன்னார்கள். அதனால் அவர்களை அவளுக்குப் பிடித்தது.

ஆனால் படிக்கப் படிக்க இன்னொன்றும் வந்து சேர்ந்தது. பால்காரர் ஒருநாள் தாமதமாக வந்தால் ஏன் என்று யோசித்தாள். சுரேஷ்பாபு வாசலுக்குப் போய் ஃபோன் பேசினால், திரும்பி வரும்போது அவன் முகத்தைப் படித்தாள். ஒரு தடவை அவன் சட்டையில் மல்லிகை வாசனை அடிக்கிறது என்று ஒரு வாரம் பேசாமலே இருந்தாள். கடைசியில் அது பட்டறையில் புதிதாக வந்த சோப்பு.

"உன் கதைல வர்ற கெட்டவன் சட்டைய எல்லாம் எனக்கு மாட்டிப் பாக்குற" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சோப்பை மட்டும் ஒருமுறை பட்டறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தை மாதத்தில் ஒரு காலை, சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பெயர் தமிழரசு, மாந்தோப்பு வைத்திருக்கிற ஆள், ஐம்பது வயசு இருக்கும். வலது முன்கையில் புதுக் கட்டு. மனைவி யமுனா ஒல்லியாக, கையில் ஒரு பையோடு நின்றாள். மூன்றாவது அறையைக் கேட்டார்கள். அது கடைசி அறை.

"எப்படிண்ணா அடிபட்டுச்சி?" என்று பிரமிளா எல்லோரிடமும் கேட்பதுபோலக் கேட்டாள்.

"கெணத்து மேட்டுல வழுக்கிட்டேன்மா" என்றார் தமிழரசு. தணிந்த குரல். கண்கள் ஈரமாக இருந்தன.

மத்தியானம் குழாயடியில் யமுனா துணி அலசிக்கொண்டிருந்தாள். "பாவம், எப்படிக்கா ஆச்சி?" என்று பிரமிளா மறுபடி கேட்டாள்.

"மாமரத்துல ஏறி விழுந்துட்டாரு" என்றாள் யமுனா, நிமிராமல்.

பிரமிளாவின் முதுகில் ஏதோ ஒன்று நேராக எழுந்து உட்கார்ந்தது. மாமரங்கள் இப்போதுதான் பூ விடுகின்றன. யார் எதற்கு ஏறுவார்கள்? அதுவும் போகட்டும். சத்தியவேடு என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் வீடு. அடுத்த கட்டுக்கு வந்துபோகலாம். கூலிக்கு ஆள் வைத்துத் தோப்புக்கு மருந்து அடிக்க வேண்டிய நேரத்தில் எதற்கு இங்கே வந்து தங்குகிறார்கள்?

அன்று முதல் அவள் ஃபோனில் கதை படிப்பது குறைந்தது. படிக்க வேறொன்று கிடைத்துவிட்டது.

யமுனா புருஷனுக்கு ஊட்டிவிட்டாள். தலை வாரினாள். சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு, ஆகா, என்ன பெண் என்று தோன்றும். பிரமிளாவுக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் படித்த கதைகளில் ஊட்டிவிடுகிற கையைத்தான் கவனிக்க வேண்டும். தமிழரசுவின் ஃபோன் எப்போதும் யமுனாவின் இடுப்பில் இருந்தது. அது அடித்தால் அவள்தான் எடுத்தாள். "தூங்கறாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்போது அவர் விழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தாழ்ப்பாள். சாப்பாடு வாங்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் யமுனா அறைக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டுப் போனாள். உள்ளே ஆள் இருக்கும்போதே.

"ஏன்கா, வெளிய தாழ் போடுற?"

"நாய் வந்துடும்னு."

அந்தத் தெருவில் இருந்த ஒரே நாய்க்கு எழுந்து நடக்கவே சலிப்பு.

சாயந்திரம் சுரேஷ்பாபு வந்ததும் பிரமிளா சொன்னாள். "அந்தம்மாதான் அவரு கைய ஒடைச்சிருக்குது. பாத்துக்கினே இரு."

"வந்தவங்க கட்டு போட்டுக்கினு போவட்டும். உனக்கு எதுக்கு?"

"நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நம்ம வீட்டுலதான ஆவும்?"

அவன் கை கழுவப் போனான். ஆனால் அன்று சாப்பிடும்போது அவனும் ஒருமுறை மூன்றாவது அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அதைக் கண்டு பிரமிளாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது. அந்தச் சந்தோஷம் சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் ஊறியது.

இரண்டு நாள் கழித்து, துணி எடுக்கப் போனவள், புடவைக்கு அந்தப் பக்கம் யமுனா யாருடனோ பேசுவதைக் கேட்டாள். குரலை அடக்கிப் பேசினாள். "அவரு ஃபோன் என் கிட்டதான் கீது. நான் கூட இருக்கற வரிக்கும் ஒண்ணும் ஆவாது. கட்டு பிரிக்கறதுக்குள்ள நீ உன் வேலைய முடிச்சிக்கோ… கரகம்பாடி ரோடு ஹாஸ்டல்லயே இரு. பேரை யாருக்கும் சொல்லாத… ஆமா, அந்த மஞ்ச பில்டிங்குதான? நான் வந்து பாத்துக்கறேன்."

பிரமிளா காய்ந்த புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். திருப்பதிக் கரகம்பாடி ரோட்டில் ஒரு ஆள். மறைந்து இருக்கிற ஆள். கட்டு பிரிப்பதற்குள் முடிக்க வேண்டிய ஒரு வேலை. வேறென்ன வேண்டும்?

மறுநாள் மத்தியானம் யமுனா தாழ் போட்டுவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனாள். அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு, பிரமிளா போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

தமிழரசு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் கண் கலங்கியது. "நீயாம்மா."

"அண்ணா, உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லுங்க. உங்க சம்சாரம்தான அடிச்சாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "வெளிய சொல்ற விஷயமாம்மா அது?"

பிரமிளா கட்டிலருகே வந்தாள். தான் நினைத்தது சரி. "நீங்க ஜாக்கிரதையா இருக்கணும்ணா. அவங்க யார் கூடயோ பேசினாங்க. கட்டு பிரிக்கறதுக்குள்ள முடிச்சிடணும்னு சொன்னாங்க. கரகம்பாடி ரோட்டுல ஏதோ ஹாஸ்டலாம், மஞ்ச பில்டிங்காம், அங்க யாரையோ வச்சிருக்காங்க."

தமிழரசு நிமிர்ந்தார். அந்தக் கண்களில் இருந்த ஈரம் எங்கே போயிற்று என்று பிரமிளாவுக்குத் தெரியவில்லை. துடைத்து எடுத்தாற்போல வறண்டிருந்தன.

"கரகம்பாடி ரோடா? நல்லா கேட்டியாம்மா?"

"ஆமாண்ணா."

"மஞ்ச பில்டிங்."

"ஆமா. யாருண்ணா அது?"

"யாரோ" என்றார். எழுந்து இடது கையால் செருப்பை நேர்ப்படுத்திப் போட்டுக்கொண்டார். "உள்ளயே கெடந்து தல சுத்துது. கொஞ்சம் காத்தாட நிக்கறேன்மா." நல்ல பிள்ளைபோல வாசல் வரை நடந்தார். வழியில் வந்த ஆட்டோவை நிறுத்தினார். அதில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த யமுனா, திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். காலி கட்டிலைப் பார்த்தாள். பிறகு பிரமிளாவைப் பார்த்தாள்.

"நீ இன்னா சொன்ன அவருக்கு?"

பிரமிளா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தன் குரல் தேய்வது அவளுக்குக் கேட்டது. யமுனா கத்தவில்லை. பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "அது என் பொண்ணு" என்றாள்.

காவ்யாவுக்கு இருபத்தொரு வயசு. ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. யமுனா உடனே ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்ட் நேரத்தில் ஃபோனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியாட்களைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். சாயந்திரம் கம்பெனி வேன் அவளை நேராக ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிடும். ஹாஸ்டலில் யாருடைய நம்பரும் யமுனாவிடம் இல்லை.

பிரமிளா சுரேஷ்பாபுவைக் கூப்பிட்டாள். ஒரே மூச்சில் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள்.

"கையில கட்டு போட்ட ஆளுதான? நான் போறேன். நீங்க பஸ் பிடிங்க" என்று மட்டும் சொன்னான்.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வடமாலப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் யமுனா மகளுக்கு மறுபடி மறுபடி ஃபோன் போட்டுப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவருக்கு எல்லாத்து மேலயும் சந்தேகம். நான் கல்யாணமாகி வந்த புதுசுல என் மேல. அப்புறம் பொண்ணு மேல. ஃபோன்ல யாரு, பஸ்ல யாரு, ஏன் சிரிச்ச, ஏன் சிரிக்கல. அன்னிக்கு லீவுல வந்திருந்தா. ஒரு மெசேஜ் வந்துச்சி, கூட வேலை செய்யற பொண்ணு அனுப்பினது. நம்பல. முடியப் பிடிச்சி கெணத்தாண்ட இழுத்துக்கினு போனாரு. உள்ள தள்ளிடுவாருன்னு நெனச்சேன். மண்வெட்டி கெடந்துச்சி. காம்பால அடிச்சேன்."

பிரமிளா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய பாத்து அடிக்கல நானு. தலைக்குத்தான் ஓங்கினேன். அவரு கை குறுக்க வந்துடிச்சி."

இதைச் சொன்னபோது யமுனாவின் முகத்தில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. "பொண்ண அன்னிக்கே பஸ் ஏத்திட்டேன். வேற ஹாஸ்டலுக்கு மாறச் சொன்னேன். பெங்களூர்ல வேலைக்கு எழுதிப் போட்டுருக்கா, கெடைச்சிடும்னு சொன்னா. அது வரிக்கும் அவர இங்கயே வச்சிருக்கணும்னு பாத்தேன். ஊருக்குப் போனா தம்பிங்க கீறாங்க, ஃபோன் கீது, தேடிடுவாங்க."

"பின்ன ஏன்க்கா அவருக்கு ஊட்டிவிட்ட?"

"கை ஒடைஞ்சவரு எப்படித் துன்னுவாரு?"

பிரமிளா தலை குனிந்தாள். "மன்னிச்சிடுக்கா. நான் உன்னத்தான் கெட்டவளா நெனச்சிட்டேன்."

"அதுல தப்பில்லம்மா" என்றாள் யமுனா. முதல்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "அவர நல்லவருன்னு ஏன் நெனச்ச?"

ஒருத்தி கெட்டவளாக இருந்தால் எதிரில் இருக்கிறவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? பிரமிளா படித்த எந்தக் கதையும் அப்படிச் சொல்லவில்லை. அழுகிற கண்ணை நம்பாதே என்றுதான் அவை வரிக்கு வரி சொல்லின. அவள் யமுனாவின் கையைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள், தாழ்ப்பாளைப் பார்த்தாள். அவருடைய கண்ணை மட்டும் சந்தேகிக்காமல் விட்டுவிட்டாள்.

ஹாஸ்டலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் தமிழரசு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு சுரேஷ்பாபு. இரண்டு பேர் கையிலும் டீ. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய சிநேகிதர்கள் என்று தோன்றும். பெண்கள் வருவதைக் கண்டு சுரேஷ்பாபு கண்ணால் ஜாடை காட்டினான். இன்னும் வேன் வரவில்லை.

யமுனா புருஷன் அருகே போகவில்லை. ஹாஸ்டல் கேட்டை ஒட்டிப் போய் நின்றாள். வாட்ச்மேன், "எவரு காவாலம்மா?" என்று, யார் வேண்டும் எனத் தெலுங்கில் கேட்டார். "நா கூத்துரு வஸ்துந்தி" என்றாள். மகள் வருகிறாள் என்றதும் அவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

வேன் வந்தது. ஐந்தாறு பெண்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய பெண் முதலில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சாலையைக் கடந்து வருகிறவரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

தமிழரசு கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்கள் மறுபடி ஈரமாகியிருந்தன. "கண்ணு, வீட்டுக்கு வாம்மா. நைனா ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன்ன பாக்காம சோறு எறங்கல எனக்கு."

அந்தக் குரல் பொய் இல்லை. அதுதான் பிரமிளாவைக் கலக்கியது. அந்த மனிதர் உண்மையாகவே மகளுக்காக ஏங்கியிருந்தார். இவ்வளவு நடந்த பிறகும் ஒரு கணம் அவளுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது.

காவ்யா அப்பாவின் கையைப் பார்த்தாள். "வலிக்குதா நைனா?"

"இல்லம்மா. நீ வந்தா சரியாப் போயிடும்."

"எனக்கு இன்னும் கழுத்து திரும்பல. நான் வர்ல நைனா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது வேன் டிரைவர், தலை முழுக்க நரைத்தவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏமைந்தம்மா காவ்யா?" என்று கேட்டார். என்ன ஆச்சு என்று அக்கறையாகக் கேட்டதுதான்.

தமிழரசுவின் தலை சட்டென்று வேன் பக்கம் திரும்பியது. "அவன் யாரு? உன் பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?"

காவ்யா ஒரு அடி பின்வாங்கினாள். அந்தக் கேள்வி பிரமிளாவுக்கு அந்நியமாக இல்லை. சட்டையை முகர்ந்துபார்க்கும்போது, வாசலில் ஃபோன் பேசுகிறவனை எட்டிப் பார்க்கும்போது, அவள் மனசுக்குள் ஓடுகிற குரலும் இதேதான்.

யமுனா இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்துக் கணவரின் சட்டைப் பையில் போட்டாள். "இந்தா, உன் ஃபோன். உன் தம்பியக் கூப்பிட்டுக்கோ. நான் வர்ல."

"என் கைய ஒடைச்சதுக்கு உன்ன ஸ்டேஷன்ல உக்கார வைக்கறேன் பாரு."

"வா, இப்பவே போவலாம். கெணத்தாண்ட நடந்ததையும் சேத்தே சொல்லுவோம்."

வேனிலிருந்து இறங்கிய பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. காவ்யாவைச் சுற்றி நின்றார்கள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். வாட்ச்மேனும் வந்தார். தமிழரசு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அவருக்கு வழி விடவில்லை, யாரும் அவரைத் தொடவும் இல்லை. கடைசியில் சுரேஷ்பாபுதான் அவருடைய நல்ல கையைப் பிடித்து, "வாங்க, பஸ் ஸ்டாண்டுல விடறேன்" என்றான். அவர் போனார்.

அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்து அழைத்துப் போனதாக சுரேஷ்பாபு சொன்னான். அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கட்டைப் பிரிக்க புத்தூருக்கு வந்தாரா, வந்து வேறு எங்காவது தங்கினாரா என்பது தெரியாது. பிரமிளாவின் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனாலும் பல நாள், கேட் சத்தம் கேட்டால் அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் போய்த் திறந்தாள்.

யமுனா மகளோடு திருப்பதியிலேயே வேறு இடத்தில் தங்கினாள். தன் பையை எடுக்க ஒரு தடவை வந்தாள். பிரமிளா டீ போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

பிரமிளா கதை படிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டாள் என்று சொன்னால் அது பொய். இன்னும் அதே கெட்டவர்கள்தான், அதே பிரியம்தான். ஆனால் சுரேஷ்பாபு வாசலில் நின்று ஃபோன் பேசினால், 'யாரு அது?' என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கக் கற்றுக்கொண்டாள். எல்லா நாளும் முடியவில்லை. முடியாத நாளில் கேட்டாள், அவன் சொன்னான், அதை நம்ப முயன்றாள்.

சித்திரையில் ஒரு புது நம்பரிலிருந்து யமுனா பேசினாள். காவ்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். இரண்டு பேரும் வீடு எடுத்துவிட்டார்களாம். தானும் ஒரு மெஸ்ஸில் சமையலுக்குப் போவதாகச் சொன்னாள். குரலில் சின்னதாக ஒரு சிரிப்பு இருந்தது.

"எந்த ஏரியாக்கா?" என்று கேட்கப் போன பிரமிளா, வாயை மூடிக்கொண்டாள்.

யமுனாவும் சொல்லவில்லை.

"நல்லா இருங்கக்கா" என்றாள் பிரமிளா.

"இருக்கோம்மா" என்று சொல்லிவிட்டு யமுனா வைத்துவிட்டாள். வந்த நம்பரை பிரமிளா எந்தப் பேரும் போட்டு வைத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. உள்ளே ஓடினாள்.